வகுப்புக்கு ஒரு வலைப்பூ: என்னைக் கவிழ்த்தது பாமினி எழுத்துரு

எட்டாம் வகுப்பு அறிவியலுக்குப் போன ஜூனில் ஒரு வலைப்பூ தொடங்கினேன். வீட்டுப்பாடத்தை வாட்ஸ்அப் குழுவில் போட்டால் இரண்டே நாளில் காலை வணக்கப் படங்களுக்கு அடியில் புதைந்துவிடுகிறது. அப்புறம் "சார், இன்னொரு தடவை அனுப்புங்க". அதுதான் காரணம்.

நான் எடுத்தது ப்ளாகர், கூகுளின் இலவச வலைப்பூச் சேவை. வேர்ட்பிரஸ்.காம் பார்க்க அழகுதான், ஆனால் இலவசத் திட்டத்தில் அவர்கள் விளம்பரம் வரும். பிள்ளைகள் படிக்கிற பக்கத்தில் எந்த விளம்பரம் வந்து நிற்குமோ என்று தினமும் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. ப்ளாகரில் கூகுளின் விளம்பரச் சேவையான ஆட்சென்ஸை நாமாகச் சேர்க்காதவரை அந்தத் தொல்லை இல்லை. சொந்த டொமைன், அதாவது தனி இணைய முகவரி, வாங்கச் சொன்னால் கேட்காதீர்கள். நமக்கு மாறுதல் வந்துவிட்டால் வருடா வருடம் யார் பணம் கட்டுவது?

1. கணக்கு

வகுப்புக்கென்று தனி ஜிமெயில் தொடங்குங்கள். சொந்தக் கணக்கு வேண்டாம். இன்னொரு ஆசிரியரையும் எழுதுபவராகச் சேர்த்துவிடுங்கள். இரண்டு ஆண்டு தொடாமல் கிடந்தால் கூகுள் கணக்கையே அழித்துவிடலாம், அதையும் நினைவில் வையுங்கள்.

2. செட்டிங்ஸ்

மூன்றை மட்டும் மாற்றினால் போதும். நேர மண்டலத்தைப் பாருங்கள். என்னுடையது அமெரிக்காவின் பசிபிக் நேரத்தில் இருந்தது, காலை 7 மணிக்கு என்று குறித்து வைத்த இடுகை ராத்திரிதான் வந்தது. தேடுபொறிக்குக் காட்டும் வசதியை அணைத்துவிடுங்கள். அழைத்தவர்கள் மட்டும் படிக்கலாம் என்று பூட்ட வேண்டாம், எல்லாப் பெற்றோருக்கும் லாகின் சொல்லிக்கொடுத்து முடியாது. பூட்டாததால் பிள்ளைகளின் படமும் முழுப்பெயரும் அங்கே போகக் கூடாது. கருத்துகளை நீங்கள் பார்த்த பிறகே வெளியாகும்படி வையுங்கள்.

3. பழைய வினாத்தாளை ஏற்றுவது

இங்கேதான் எனக்கு ஒரு வாரம் போயிற்று. என்னிடம் இருந்த வினாத்தாள்கள் எல்லாம் டி.டி.பி. கடையில் பாமினி எழுத்துருவில் அடித்தவை. வேர்டிலிருந்து நகலெடுத்து ஒட்டினேன். என் மடிக்கணினியில் அழகான தமிழ். மறுநாள் வகுப்பில், "சார், அது என்ன பாஷை?" என்று கேட்டார்கள்.

பாமினியில் 'அம்மா' என்று தெரிவது உள்ளே எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்றுதான் இருக்கிறது. அதற்குத் தமிழ் முகம் கொடுப்பது எழுத்துரு. வேர்டிலிருந்து ஒட்டும்போது எழுத்துருவின் பெயரும் கூடவே வந்துவிடும். என் கணினியில் பாமினி இருந்ததால் தமிழாகத் தெரிந்தது, பெற்றோரின் போனில் அது இல்லை. அதனால் உங்கள் கணினியில் பார்த்துவிட்டுச் சரி என்று நம்பாதீர்கள். போனில் திறந்து பாருங்கள்.

என்.எச்.எம். கன்வெர்ட்டர் என்ற எழுத்துரு மாற்றியில் கொடுத்து, எல்லாக் கருவியிலும் தமிழாகவே தெரிகிற யூனிகோடாக மாற்றினேன். அங்கே அடுத்த அடி. மாற்றிக்கு எது ஆங்கிலம், எது பாமினி என்று தெரியாது. நீளம் 5 சென்டிமீட்டர் என்பதில் அலகை ஆங்கிலத்தில் சி, எம் என்று அடித்திருந்தார்கள், அது '5 உஅ' ஆகிவிட்டது. ஆங்கில எழுத்துருவில் போட்டிருந்த கமாக்கள் எல்லாம் 'இ'. வேதியியல் சமன்பாடுகளைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஆகவே அலகு, சூத்திரம், ஆங்கிலச் சொல் இருக்கிற வரிகளை முதலிலேயே வெட்டித் தனியே வைத்துவிட்டு மீதியை மட்டும் மாற்றுங்கள். மாற்றியதை ஒட்டும்போது கண்ட்ரோல், ஷிஃப்ட், வி மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள், பழைய எழுத்துருப் பெயர் ஒட்டிக்கொண்டு வராது.

புதிதாக எழுதுவதை யூனிகோடிலேயே தட்டச்சு செய்யுங்கள். தமிழ்நாடு அரசே 2010இல் யூனிகோடை ஏற்றுக்கொண்டுவிட்டது. டி.டி.பி. கடைக்காரர்களிடம் இன்னும் யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது.

4. வெளியிடுமுன்

தலைப்பு தமிழில் இருந்தால் ப்ளாகர் முகவரியை 'ப்ளாக்-போஸ்ட்' என்று மொட்டையாக வைத்து, அடுத்தடுத்தவற்றுக்குப் பின்னால் எண் போட்டுக்கொண்டே போகும். எந்த இணைப்பு எந்தப் பாடம் என்று உங்களுக்கே தெரியாது. இடுகையின் முகவரியைக் குறிக்கிற பெர்மாலிங்க் பகுதியில் வகுப்பு, பாடம், அலகு எண்ணை ஆங்கில எழுத்தில் நீங்களே கொடுங்கள். வெளியிட்ட பிறகு மாற்ற வேண்டுமானால் இடுகையை வரைவுக்குத் திருப்ப வேண்டும், முன்பே அனுப்பிய இணைப்பும் செத்துப்போகும். இடுகைகளை வகைப்படுத்துகிற லேபிளில் 'எட்டு-ஒளியியல்' என்பதுபோல் ஒன்று போதும்.

பின்சேர்க்கை: இரண்டு பேர் ஒரே சிக்கலைக் கேட்டிருந்தார்கள். கூகுள் டிரைவில் வைத்த பி.டி.எஃப். பெற்றோருக்குத் திறக்காமல் அனுமதி கேட்கிறதாம். பகிர்வில் 'இணைப்பு உள்ள எவரும்' என்று மாற்றுங்கள். மாற்றியும் திறக்காவிட்டால் அது பள்ளி கொடுத்த கணக்காக இருக்கலாம், வெளியாருக்குப் பகிர்வதை நிர்வாகி தடுத்து வைத்திருப்பார். கோப்பை இறக்கி, வகுப்பின் ஜிமெயில் கணக்கிலுள்ள டிரைவில் ஏற்றிக்கொள்ளுங்கள்.

இன்னொருவர் மாற்றிய பிறகும் குப்பையாகவே வருகிறது என்றார். அவருடைய கோப்பு பாமினி இல்லை, வானவில் என்ற வேறொரு எழுத்துரு. எந்த எழுத்துரு என்பதை வேர்டில் பார்த்துக்கொண்டு மாற்றியில் அதையே தேர்ந்தெடுங்கள்.