மண் ஈரத்தை அளக்கும் கருவி: புராஜெக்ட் செய்யும் மாணவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பொறியியல் கல்லூரிகளிலும் பாலிடெக்னிக்குகளிலும் இறுதியாண்டு புராஜெக்ட் என்றதும் பலர் எடுத்துக்கொள்வது, மண்ணின் ஈரத்தைப் பார்த்துத் தானாகவே தண்ணீர் பாய்ச்சும் கருவியை. எல்லோரும் செய்துவிட்டார்கள் என்று அதை ஒதுக்குபவர்கள் உண்டு, நான் ஒதுக்கமாட்டேன். மின்னணுவியலும் நிரலாக்கமும் மண்ணும் விவசாயியின் அன்றாடமும் ஒன்றாகச் சந்திக்கும் வேலை ஒரு மாணவருக்கு எளிதில் வாய்ப்பதில்லை. எங்கள் மல்லிகைத் தோட்டத்துக்காக அப்படியொரு கருவியை நானே செய்திருக்கிறேன். பிறகு ஊரில் சில மாணவர்களுக்கு உடனிருந்து உதவியும் இருக்கிறேன். திரும்பத் திரும்பக் கண்ட தவறுகளை எழுதுகிறேன்.

கருவியையும் அறிக்கையையும் சேர்த்துக் காசு கொடுத்து வாங்குவதைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. வாங்கிய கருவி பழுதானால் எங்கே கைவைப்பது என்று வாங்கியவருக்குத் தெரியாது. அதைக் கற்றுக்கொள்வதற்காகத்தான் அந்தப் பருவமே ஒதுக்கப்பட்டிருக்கிறது.

நன்றாகப் படிக்கும் மாணவர்கள் விழும் தவறு வேறு. யாருக்காகச் செய்கிறோமோ அவரிடம் கேட்காமலேயே அவருடைய தேவையை நாமே முடிவு செய்துவிடுகிறோம். நான் சென்சாரை வாங்கி வந்து காட்டியபோது, அப்பா பாத்தியிலிருந்து ஒரு பிடி மண்ணை எடுத்து இறுக்கிப் பிடித்துவிட்டு விரல்களை விரித்தார். மண் உதிராமல் உருண்டையாக நின்றது. “இன்னும் ரெண்டு நாள் தாங்கும்பா. இது எனக்குத் தெரியும். ராத்திரி த்ரீ பேஸ் எப்ப வருதுன்னு சொல்ற மாதிரி ஏதாவது செய்ய முடியுமா?” என்று கேட்டார். மும்முனை மின்சாரத்துக்காக அவர் மோட்டார் ரூமிலேயே படுத்துக் காத்திருந்த இரவுகளைப் பார்த்து வளர்ந்தவன் நான். ஆனாலும் அவரிடம் கேட்கத் தோன்றவில்லை. மூன்று பேஸும் வந்துவிட்டனவா என்று பார்த்து அவருடைய போனுக்குத் தெரிவிப்பது கருவியின் முதல் வேலையானது. ஈரத்தை அளப்பது இரண்டாவதாயிற்று. உதிரிப் பாகங்கள் வாங்கச் சென்னையின் மின்னணுச் சந்தையான ரிச்சி தெருவுக்குப் போகும் முன்பு, அந்தக் கருவியைக் கையாளப் போகிறவரோடு ஒரு நாள் முழுவதும் கூடவே இருந்து பார்ப்பதே நல்லது.

அடுத்தது, சென்சார் காட்டும் எண்ணை அப்படியே உண்மையென்று நம்பிவிடுவது. கருவியின் மூளையாக இருக்கும் ஆர்டுயினோ ஊனோ என்ற சிறு கணினிப் பலகை, சென்சாரிலிருந்து தனக்கு வரும் மின்னழுத்தத்தை 0 முதல் 1023 வரையுள்ள ஓர் எண்ணாக மாற்றித் தருகிறது. அந்த எண் ஈரத்தின் சதவீதம் அன்று. முள்கரண்டி போன்ற இரண்டு கால்களைக் கொண்ட மலிவான சென்சார், மண்ணின் வழியே எவ்வளவு மின்சாரம் பாய்கிறது என்பதை மட்டுமே அளக்கிறது. மண்ணில் உப்பு கூடினாலும் மின்சாரம் கூடுதலாகப் பாயும் என்பதால், பொட்டாஷ் உரம் வைத்த மறுநாளோ, உவர்ப்பான போர்வெல் தண்ணீர் பாய்ந்த பிறகோ, காய்ந்து வரும் மண்ணையும் ஈரமானது என்று அது காட்டக்கூடும். மண்ணுக்கு மண் வேறுபாடும் உண்டு. கரிசல் மண் தண்ணீரை இறுக்கிப் பிடித்து வைத்துக்கொள்வதால், செம்மண்ணில் செடி வாடாத அதே ஈர அளவில் கரிசலில் வாடிவிடலாம். ஆகவே இணையத்தில் கிடைத்த ஒரு வரம்பு எண்ணை நிரலில் எழுதிவிடாமல், நம் மண்ணையே ஒரு டப்பாவில் எடுத்துக் காயவைத்து எடை போட்டு, அளந்து அளந்து தண்ணீர் ஊற்றி, ஒவ்வொரு முறையும் சென்சார் காட்டும் எண்ணைக் குறித்துக்கொள்ள வேண்டும். எனக்கு அதற்கு மூன்று நாள்கள் ஆயின. நான்கு ஆண்டுப் படிப்பில் அளவீடு என்றால் என்னவென்று எனக்கு உண்மையில் புரிந்தது அந்த மூன்று நாள்களில்தான்.

அந்தச் சென்சாரை எப்போதும் மின்னிணைப்பிலேயே விட்டுவைப்பதும் தவறு. ஈர மண்ணில் தொடர்ந்து மின்சாரம் பாய்ந்தால் மின்பகுப்பு நடந்து ஒரு காலின் உலோகப் பூச்சு கரைந்துபோகும். எங்கள் பாத்தியில் சில வாரங்கள் இருந்ததைப் பிடுங்கிப் பார்த்தபோது, ஒரு கால் பளபளப்பாகவும் மற்றது பச்சை பூத்து, செம்புக்கோடே இல்லாமலும் இருந்தது. அளக்கும் நொடியில் மட்டும் மின்சாரம் கொடுத்தால் அது நெடுநாள் உழைக்கும். மின்தேக்குத் திறனைக் கொண்டு ஈரத்தை அறியும் கெப்பாசிட்டிவ் வகைச் சென்சாரில் உலோகம் மண்ணைத் தொடுவதில்லை என்பதால் அது இன்னும் மேல். ஆனால் அதன் பலகையின் வெட்டு ஓரங்கள் வழியே ஈரம் ஏறும்; அங்கே நகப்பூச்சு தடவிவிட்டால் போதும்.

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது நிலத்துக்குப் பொருந்தாது. மடையை ஒட்டிய இடம் ஈரமாக இருக்கும்போது கடைப் பாத்தி வெடித்துக் கிடக்கும். ஒரே சென்சாரை வைத்துத் தோட்டம் முழுவதற்கும் முடிவெடுக்கக் கூடாது.

மோட்டாரோடு இணைக்கும் இடத்தில் செய்யும் தவறு உயிருக்கே ஆபத்தாகலாம் என்பதால், இதை மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். செய்முறைப் பலகையில் சிறிய பம்பை ஓட்டிய ரிலேயில் (சிறு மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) 10 ஆம்பியர் என்று எழுதியிருப்பதைப் பார்த்து, 5 எச்பி மோட்டாரையும் அதிலேயே இணைக்கலாம் என்று சிலர் எண்ணுகிறார்கள். மும்முனை மோட்டார் கிளம்பும்போது, ஓடும்போது எடுப்பதைப் போலப் பல மடங்கு மின்னோட்டத்தை இழுக்கும். ரிலே, மோட்டாரைக் கிளப்பும் பெட்டியான ஸ்டார்ட்டரின் சுருளை மட்டும் இயக்கட்டும். மோட்டாரை ஸ்டார்ட்டர் இயக்கட்டும். ஸ்டார்ட்டரில் உள்ள ஓவர்லோடு பாதுகாப்பை எக்காரணம் கொண்டும் கழற்றக் கூடாது. உரிமம் பெற்ற எலெக்ட்ரீசியன் பக்கத்தில் இல்லாமல் அந்தப் பெட்டியைத் திறக்கவும் கூடாது. மின்சாரம் போய்த் திரும்பும்போது என்ன நடக்கும் என்பதையும் முன்கூட்டியே பார்த்துவிட வேண்டும். சந்தையில் கிடைக்கும் ரிலே பலகைகளில் பல, தாழ்நிலை மின்னழுத்தம் வந்தால் இயங்குபவை. ஊனோவில் ஒரு பின்னை (வயர் இணைக்கும் முனையை) வெளியீடு என்று நிரலில் அறிவித்ததும் அது தாழ்நிலையில்தான் தொடங்கும். அந்தக் கணத்தில் ரிலே ஒருமுறை துடிக்கும். அறிவிப்பதற்கு முன்பே அந்தப் பின்னில் உயர்நிலையை எழுதிவிட்டால் இது நேராது.

நிரலில் நேரும் பிழைகள் பலவற்றில் ஒன்றை மட்டும் விரித்துச் சொல்கிறேன். ஒரு நிமிடம் காத்திருப்பதற்காக, மில்லி நொடிகளில் எண்ணும் டிலே கட்டளைக்குள் 60 பெருக்கல் 1000 என்று ஒரு மாணவர் எழுதியிருந்தார். கருவி ஒருமுறை அளந்துவிட்டு உறைந்து நின்றது. வயர்களை மாற்றினார், சென்சாரை மாற்றினார், பலகையையே மாற்றினார். ஊனோவில் சாதாரண முழு எண் 16 பிட். 32767க்கு மேல் அதில் கொள்ளாது. 60000 அதற்குள் அடங்காமல் -5536 ஆகிவிடுகிறது. டிலே அதைக் குறியில்லாத 32 பிட் எண்ணாக எடுத்துக்கொண்டு ஏறக்குறைய 49.7 நாள்கள் காத்திருக்கத் தொடங்குகிறது. எண்ணின் பின்னே, அதைப் பெரிய எண்ணாக எடுத்துக்கொள்ளச் சொல்லும் யுஎல் (UL) என்று இரண்டு எழுத்துகள் சேர்த்ததும் சரியாயிற்று. எண்கள் நினைவகத்தில் எப்படி இருக்கின்றன என்ற பாடத்தில் அவர் ஏற்கெனவே நல்ல மதிப்பெண் வாங்கியிருந்தார். அந்தப் பாடம் எதற்கென்று அன்றுதான் தெரிந்தது என்று என்னிடம் சொன்னார்.

இப்படிப்பட்ட ஒரு நாளைத்தான் மாணவர்கள் அறிக்கையிலிருந்து நீக்கிவிடுகிறார்கள். எனக்கு மிகவும் வருத்தம் தரும் தவறு இதுவே. அறிக்கையில் பிளாக் வரைபடம் இருக்கிறது, உதிரிப் பாகங்களின் விவரம் பக்கம் பக்கமாக இருக்கிறது. எது ஓடவில்லை, எதனால் என்று நினைத்தோம், எதனால் என்று பின்னால் தெரிந்தது என்ற மூன்றும் இல்லை. ஒரு நோட்டில் தேதியிட்டு அன்றன்றே எழுதி வைத்தால் வைவாவில் எந்தக் கேள்விக்கும் தடுமாற வேண்டியிருக்காது. நிரலையும் ஃபைனல், ஃபைனல் 2, புது ஃபைனல் என்று பெயர் மாற்றி மாற்றிச் சேமிக்காமல், ஒவ்வொரு மாற்றத்தையும் குறித்து வைக்கும் கிட் (Git) மென்பொருள் மூலம் பதிவு செய்து வந்தால், நேற்று ஓடியது இன்று ஏன் ஓடவில்லை என்பதை வரி வரியாக ஒப்பிட்டுப் பார்க்கலாம். அதைப் பொதுவெளியில் பதிவேற்றும் முன், வீட்டு வைஃபையின் கடவுச்சொல் நிரலுக்குள் இருக்கிறதா என்று பார்த்து நீக்கிவிடுங்கள்.

ரெவ்யூ முடிந்த அன்றே கருவியைக் கழற்றி அட்டைப் பெட்டியில் போட்டுவிடுவது கடைசித் தவறு. ஆய்வக மேசையில் அரை மணி நேரம் ஓடிய கருவிக்கும் தோட்டத்தில் ஒரு பருவம் ஓடிய கருவிக்கும் உள்ள தூரம் அதிகம். எங்கள் கருவியின் பெட்டிக்குள் முதல் மழைக்கே நீர் கோத்தது. சாலிடர் இல்லாமல் வயர்களைச் செருகும் பிரெட்போர்டில் இருந்த வயர்கள் மோட்டாரின் அதிர்வில் ஒவ்வொன்றாகத் தளர்ந்தன. ரிலேக்குப் பின்னால் எறும்புகள் புற்று வைத்தன. வயர்களை டாட் போர்டு என்ற துளைப் பலகையில் சாலிடர் செய்து, பெட்டியின் வயர் துளைகளை ரப்பர் வளையத்தால் அடைத்து, பெட்டியைத் தரையிலிருந்து இடுப்பளவு உயரத்துக்கு ஏற்றினேன். அதற்குப் பிறகு வந்த கோடையில் ஓர் இரவு, மூன்று பேஸும் வந்துவிட்டன என்ற செய்தி அப்பாவின் போனுக்கு வந்தது. அவர் வீட்டுத் திண்ணையில் படுத்திருந்தார். எழுந்து, டார்ச்சை எடுத்துக்கொண்டு மடை மாற்றக் கிளம்பினார்.