சாம்பிள் எடுக்கும்போது சறுக்கும் இடங்கள்

மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் மடிக்கணினியும் ஹெட்போனுமாக ஹிப்-ஹாப் பீட் (ராப்புக்கான பின்னணி இசை) செய்யும் பிள்ளைகளுக்குப் பஞ்சமில்லை. தோட்டத்து லயத்தை (தொழிலாளர் வரிசை வீடுகளை) விட்டுத் தாமான் (குடியிருப்புப் பகுதி) வீடுகளுக்குக் குடிவந்த குடும்பங்களின் பின்னறைகளில் இரவெல்லாம் இந்த வேலை நடக்கிறது. கேட்டுப் பார்த்தால் பாதிக்கு மேல் எண்பதுகளின் திரைப்பாடல் முன்னிசையில்தான் தொடங்கும். இப்படிப் பழைய ஒலிப்பதிவிலிருந்து ஒரு துண்டை வெட்டிப் புதுப் பாட்டில் வைப்பதுதான் சாம்பிள் எடுப்பது. 2006இல் யோகி பி, நட்சத்திரா குழுவினர் ‘வல்லவன்’ ஆல்பத்தில் இளையராஜாவின் ‘மடை திறந்து’ பாடலைக் கையில் எடுத்ததிலிருந்து மலேசியத் தமிழ்ப் பிள்ளைகளுக்கு அது ராஜபாட்டையாகிவிட்டது. பாதையில் குறையில்லை. அதில் எங்கே இடறுகிறார்கள் என்பதைத்தான் சொல்ல வருகிறேன்.

முதல் இடறல் வேகம். நிமிடத்துக்கு 104 தட்டுகளில் ஓடும் பாட்டை, ராப்புக்குத் தோதாக 90க்கு இழுக்கிறோம் என்று வையுங்கள். பழைய இசைத்தட்டுபோல ஸ்ருதியும் சேர்ந்து இறங்கும்படி இழுத்தால், அது ஏறக்குறைய இரண்டரை அரைச்சுரம் (கீபோர்டில் ஒரு கட்டைக்கும் அடுத்த கட்டைக்கும் உள்ள தூரம் ஓர் அரைச்சுரம்) இறங்கும். அந்த அரையில்தான் வினை. சாம்பிள் கீபோர்டின் இரண்டு கட்டைகளுக்கு நடுவே போய் நின்றுகொள்ளும். அதன்மேல் எந்தக் கட்டையில் பாஸ் (பாட்டின் அடியில் ஓடும் தாழ்ந்த ஒலி) வாசித்தாலும் ஒட்டாது. பிள்ளைகள் பாஸ் ஒலியை மாற்றி மாற்றிப் பார்ப்பார்கள், குற்றம் அங்கே இல்லை. பீட்டின் வேகத்தை 92.7 அல்லது 87.5 என்று நகர்த்திவிட்டால் சாம்பிள் சரியாக இரண்டு அல்லது மூன்று அரைச்சுரம் இறங்கிக் கட்டையில் உட்கார்ந்துவிடும். ஸ்ருதியைத் தொடாமல் வேகத்தை மட்டும் மாற்ற மென்பொருளில் வசதி உண்டுதான். ஆனால் இவ்வளவு தூரம் இழுத்தால் தபேலாவின் அடி மழுங்கலாம், வயலின் நீருக்கடியில் வாசித்ததுபோல் கேட்கலாம்.

கட்டையில் உட்கார்ந்தால் மட்டும் போதாது, ராகமும் பார்க்க வேண்டும். மாயாமாளவகௌளையில் அமைந்த மெட்டுக்கு அடியில், பழக்கதோஷத்தில் மேற்கத்திய மைனர் ஸ்கேலில் (சுரவரிசையில்) பாஸ் போட்டால் ரிஷபமும் காந்தாரமும் முட்டிக்கொள்ளும். மோகனம் என்றால் ஐந்தே சுரம், பிழைக்க வழியுண்டு. சங்கீதம் படித்தவர் யாராவது பக்கத்துத் தெருவில் இருப்பார், வெட்கப்படாமல் கேட்டுவிடுங்கள்.

அடுத்து, வெட்டுமிடம். லூப் (திரும்பத் திரும்ப ஓடும் துண்டு) திரும்பும் ஒவ்வொரு முறையும் ‘டக்’ என்று ஓர் ஓசை வருகிறதா? அலைவடிவத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். அலை நடுக்கோட்டைத் தொடும் இடத்தில் வெட்டாமல் உச்சியில் வெட்டியிருப்பீர்கள். கோட்டைத் தொடும் புள்ளிக்கு வெட்டை நகர்த்தி, முனையில் இரண்டு மூன்று மில்லிவிநாடி மங்கலும் (ஒலி மெல்ல எழுந்து அடங்கும் ஃபேட்) கொடுத்தால் தீர்ந்தது. இன்னொன்று: அந்தக் காலப் பாடல்களை மனிதர்கள் கூடி வாசித்தார்கள். நான்காவது சுற்றில் தாளம் ஒரு நூல் முந்தும், சரணத்தில் பிந்தும். முதல் சுற்றை அளந்துவிட்டு முழுப் பாட்டையும் அதே கட்டத்தில் அடைக்காமல், ஒவ்வொரு சுற்றாகத் தாளத்தைப் பிடித்து வெட்டுங்கள்.

பழைய பாட்டுக்குள் ஏற்கெனவே ஒரு பாஸ் கிடார் இருக்கும். அதை அப்படியே விட்டு, மேலே 808 பாஸையும் (டிரம் இயந்திரத்தின் ஆழ்ந்த அடியொலி) கிக்கையும் (காலால் அடிக்கும் பெரிய டிரம்மின் ஒலி) ஏற்றினால் காரில் கேட்கும்போது வெறும் உறுமல்தான் மிஞ்சும். சாம்பிளில் 120 ஹெர்ட்ஸுக்குக் கீழுள்ளதை வடிகட்டிவிடுங்கள். தேவைப்பட்டால் 150 வரைகூடப் போகலாம்.

இனி உரிமை. “ஆறு விநாடிக்குள் எடுத்தால் அனுமதி வேண்டாம்” என்று யார் கிளப்பிவிட்டார்களோ தெரியாது. எந்தச் சட்டத்திலும் அப்படி இல்லை. 2005இல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒன்று, இரண்டே விநாடி கிடார் ஒலிக்குக்கூட உரிமம் வேண்டும் என்று தீர்ப்பளித்தது. 2016இல் இன்னொன்று, கால் விநாடிக்கும் குறைவான ஓர் ஊதுகுழல் ஒலியை மன்னித்தது. நீதிமன்றங்களே ஒத்துப்போகாத இடத்தில் விநாடிக்கணக்கை நம்பிப் பாட்டு வெளியிடுவது துணிச்சல் அல்ல. “இந்தியப் பாட்டை யார் கவனிக்கப்போகிறார்கள்” என்பது அடுத்த சமாதானம். 2002இல் லதா மங்கேஷ்கரின் குரலை அனுமதியின்றிப் பயன்படுத்திய அமெரிக்கப் பாடல் ஒன்று வழக்கில் சிக்கியது. இசையமைப்பாளர் பப்பி லஹிரியின் பெயரைச் சேர்க்காமல் ஆல்பத்தை விற்கக்கூடாதென்று நீதிமன்றம் தடை விதித்தது.

அனுமதி ஒன்றல்ல, இரண்டு என்பதையும் பலர் மறந்துவிடுகிறார்கள். ஒலிப்பதிவு ஒருவருடையது, மெட்டும் வரிகளும் வேறொருவருடையதாக இருக்கலாம். மலேசியாவின் 1987ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி ஒலிப்பதிவுக்கு வெளியீட்டிலிருந்து 50 ஆண்டு, இசைப்படைப்புக்குப் படைத்தவர் மறைவுக்குப் பின்னும் 50 ஆண்டு. இந்தியாவில் இரண்டுக்கும் 60. இணையத்தில் ஏற்றிய பாட்டு சுங்கை சிப்புட்டோடு நிற்காது என்பதால், இங்கே காலம் முடிந்தது என்று மட்டும் பார்த்துப் பயனில்லை.

எனக்கு உண்மையிலேயே புரியாதது ஒன்று உண்டு. வாசலில் உறுமி மேளம் அதிரும் ஊரில் இருந்துகொண்டு எதற்காக எல்லாரும் அதே பத்துப் பாடல்களையே தோண்டுகிறார்கள்? வளைந்த குச்சி தோலில் இழுபடும்போது எழும் உறுமியின் அந்த முனகலை நாமே பதிந்துகொள்ளலாம். ஆனால் தைப்பூச ஊர்வலத்துக்கு நடுவே கைப்பேசியை நீட்டினால் கிடைப்பது இரைச்சல்தான். சத்தம் மிகுந்து ஒலி உடைந்திருக்கும், ஒலிபெருக்கியில் ஓடும் பக்திப்பாடலும் கூடவே பதிவாகி மறுபடி உரிமைச் சிக்கலில் கொண்டுபோய் விடும். குழுவினர் பயிற்சி செய்யும் மாலையில் போய், தலைவரிடம் எதற்கென்று சொல்லிக் கேளுங்கள். கைப்பேசியை நான்கைந்து அடி தள்ளி வைத்து, உச்ச ஒலி மைனஸ் 10 டெசிபெல்லைத் தாண்டாமல் பதியுங்கள். முதலில் முழுத் தாளம், பிறகு ஒவ்வொரு அடியும் தனித்தனியாக. அடிகள் தனியாக இருந்தால்தான் பின்னால் விருப்பப்படி அடுக்க முடியும். பதிந்த கோப்பை நண்பருக்கு வாட்ஸ்அப்பில் குரல்செய்தியாக அனுப்பாதீர்கள், அது ஒலியைச் சுருக்கிவிடும். ஆவணமாக இணைத்து அனுப்புங்கள்.