மாமல்லபுரம்: விடியலில் போனால் பார்க்கலாம்

சென்னையில் தங்கி மாமல்லபுரம் போகிறவர்கள் பெரும்பாலும் டிபனை முடித்துவிட்டு 8 மணிக்குத்தான் வண்டி ஏறுகிறார்கள். போய்ச் சேர 10 ஆகிவிடும். பள்ளிச் சுற்றுலாப் பேருந்துகளும் அந்த நேரத்தில்தான் வந்து நிற்கும். கூட்டத்தைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், போன வெளிச்சம் திரும்பாது. அர்ச்சுனன் தபசு என்னும் பெரிய பாறைச் சிற்பம், கிருஷ்ண மண்டபம் எல்லாம் கிழக்கு பார்த்தவை. மார்கழி, தை மாதங்களில் காலை வெயில் தென்கிழக்கிலிருந்து சாய்ந்து விழும்போதுதான் ஒவ்வொரு உருவமும் பாறையிலிருந்து எழுந்து நிற்கும். உச்சி வெயிலில் எல்லாம் தட்டையாகிவிடும்.

மயிலாப்பூரிலிருந்து 4.45-க்குப் புறப்பட்டால் கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாக 6 மணிக்கெல்லாம் அங்கே இருக்கலாம். அந்த நேரத்துக்கு ஆப்பில் டாக்சி பிடித்துக்கொள்ளலாம் என்று இருந்துவிடாதீர்கள். கடைசி நிமிடத்தில் ரத்தானால் அன்றைய காலையே போய்விடும். முந்தின நாள் மாலையே வண்டி பேசி, டோல், பார்க்கிங், டிரைவர் பேட்டா எல்லாம் வாடகையில் சேர்ந்ததா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களுக்கு, எந்த நாள் போவது என்பது எங்கிருந்து வருகிறீர்கள் என்பதைப் பொறுத்தது; வந்த புதிதில் உடம்பு அந்த ஊர் நேரத்திலேயே இருக்கும். டிசம்பரில் சென்னையின் காலை 5 மணி சிட்னிக்குக் காலை 10.30, அங்கிருந்து வருகிறவர்கள் வந்த மறுநாளே போகலாம். லண்டனுக்கு அது இரவு 11.30. அங்கிருந்து குழந்தைகளோடு வருகிறவர்கள் நான்கைந்து நாள் கழித்து வைத்துக்கொள்வது நல்லது.

நுழைவுச்சீட்டு இந்தியர்களுக்கு 40 ரூபாய், வெளிநாட்டவருக்கு 600. ஓ.சி.ஐ. அட்டை (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கு இந்திய அரசு தரும் அட்டை) இருந்தால் இந்தியக் கட்டணம்தான். இலங்கைக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்களுக்கும் அப்படியே. பலர் இது தெரியாமல் 600 கொடுத்துவிடுகிறார்கள். போனில் உள்ள படத்தை நம்பாமல் அசல் அட்டையையே கொண்டுபோங்கள். 15 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களுக்குக் கட்டணம் இல்லை. கடற்கரைக் கோயிலுக்கும் ஐந்து ரதங்களுக்கும் ஒரே சீட்டு, அதனால் முதல் வாசலிலேயே கசக்கிப் போட்டுவிடாதீர்கள். வெளிநாட்டு வங்கி அட்டை சில நேரம் வேலை செய்யாது. கையில் ரொக்கம் இருக்கட்டும். ட்ரைபாட் வேண்டாம், தொல்லியல் துறையின் முன் அனுமதி இல்லாமல் உள்ளே விடமாட்டார்கள்.

6 மணிக்குக் கதவு திறந்ததும் கடற்கரைக் கோயில். மார்கழியில் சூரியன் எழ ஏறக்குறைய 6.25 ஆகும், அதற்குள் கோயிலைச் சுற்றி வந்துவிடலாம். பல்லவ மன்னன் ராஜசிம்மன் காலத்துக் கோயில் இது. கடல் உப்புக்காற்று அரித்து அரித்துச் சிற்பங்களின் முகம் பல இடங்களில் மழுங்கிவிட்டது. தயவுசெய்து தொடாதீர்கள், குழந்தைகளை மேலே ஏற்றிப் படம் எடுக்காதீர்கள்.

7.15-க்கு அர்ச்சுனன் தபசு. இதற்குத்தான் அதிக நேரம் கொடுக்க வேண்டும், அரை மணியாவது. நடுவில் உள்ள பிளவில் நாகர்கள் நீந்தி ஏறுகிறார்கள். அதன் இடப்பக்கம் எலும்பும் தோலுமாக ஒற்றைக்காலில் நிற்கும் தவசி. பிறகு வலப்பக்கம், பெரிய யானையின் தந்தத்துக்குக் கீழே பாருங்கள். ஒரு பூனை பின்னங்கால்களில் நின்று, முன்கால்களைத் தலைக்குமேல் தூக்கித் தவம் செய்கிறது. அதன் காலடியில் எலிகள். 9 மணிக்கு மேல் கம்பி ஓரம் ஆட்கள் நிறைந்துவிட்டால் இந்தப் பூனையைத் தேடிக் கண்டுபிடிப்பது கஷ்டம்.

பக்கத்திலேயே கிருஷ்ண மண்டபம். சிற்பம் பல்லவர் காலத்தது, முன்னால் உள்ள தூண் மண்டபம் பின்னாளில் விஜயநகர காலத்தில் எழுப்பியது. அதனால் உள்ளே இருட்டு. தாழ்வான காலை வெயில் மட்டுமே தூண்களைத் தாண்டி உள்ளே வரும். பால் கறக்கும் ஆயனையும், கறந்துகொண்டிருக்கும்போதே கன்றை நக்கிக்கொடுக்கும் பசுவையும் அப்போது பார்க்க வேண்டும்.

மலைமேல் மகிஷாசுரமர்த்தினி குகையை முடித்துக்கொண்டு 8.30-க்கு ஐந்து ரதங்களுக்கு வந்துவிடுங்கள். அங்கே நிழலே கிடையாது, மணல் சீக்கிரம் சுடும். ஆளுக்கு ஒரு லிட்டர் தண்ணீர் வேண்டும்.

ஞாயிறு, அரசு விடுமுறைகள், முக்கியமாகக் காணும் பொங்கல் அன்று போகாதீர்கள். அன்று விடியலில் போனாலும் திரும்பி வரும் சாலை நகராது.

அதே நாளில் காஞ்சிபுரம் கைலாசநாதர் கோயிலையும் சேர்க்க நினைக்கிறவர்கள் உண்டு. வேண்டாம். நண்பகலில் நடை சாத்தினால் மாலை 4 மணிக்குத்தான் திறக்கும். கோயிலைச் சுற்றியுள்ள பிரகாரத்தின் சின்னச் சின்னச் சிற்றாலயங்களில் பல்லவ ஓவியத்தின் சிவப்பும் மஞ்சளும் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. அவசரமாக நடந்தால் அவை கண்ணில் படாது. வேறொரு நாள், சென்னையிலிருந்து 5 மணிக்குக் கிளம்புங்கள். உள்ளே ஃப்ளாஷை அணைத்துவிடுங்கள்.