ப்ரொப்பெல்லர் ஏன் உங்க வீடியோல மட்டும் வளைஞ்சு தெரியுது?

புது பேட்ச் ஸ்டூடண்ட் பைலட்ஸ் வரும்போதெல்லாம் இதே கதைதான். செஸ்னா 172ங்கற சின்ன பயிற்சி விமானத்தோட பின் சீட்ல உக்காந்து ஃபோன்ல எடுத்துட்டு வருவாங்க, பாத்தா பிளேடு வாழைப்பழம் மாதிரி வளைஞ்சு துண்டு துண்டா மிதக்கும். லென்ஸைத் துடைங்க, சார்ஜ் போடுங்கன்னெல்லாம் சொல்லப்போறதில்ல, அது உங்களுக்கே தெரியும். எல்லாரும் பண்ற தப்பு இதெல்லாம்தான்.

ஷட்டரை ஆட்டோல விடறது

இன்னைக்கும் எனக்கு எரிச்சல் வர்றது இதுலதான். க்ரூஸ்ல, அதாவது மேல போய் சீரா பறக்கறப்போ, 2400 ஆர்.பி.எம். (நிமிஷத்துக்கு 2400 சுத்து)னா செகண்டுக்கு 40 சுத்து. ஃபோன் சென்சார் முழுப் படத்தையும் ஒரே நேரத்துல எடுக்காது, வரி வரியா படிச்சுக்கிட்டே போகும், கடைசி வரிக்கு வர்றதுக்குள்ள பிளேடு வேற எங்கயோ போயிருக்கும், அதான் வளைவு. நல்ல வெயில்ல ஆட்டோ ஷட்டர், அதாவது ஒவ்வொரு வரியும் வெளிச்சம் வாங்கற நேரம், 1/2000, 1/4000 செகண்டுனு ஓடும். 1/2000-ல பிளேடு நகர்றதே 7 டிகிரிதான், அதனால அந்தக் கோணல் அப்படியே பளிச்னு பதிஞ்சிடும். 1/60 வச்சீங்கன்னா ஒரு சுத்துல மூணுல ரெண்டு பங்கு ஓடிடும், ரெண்டு பிளேடும் சேர்ந்து மொத்த வட்டத்தையும் நிரப்பி, நம்ம கண்ணுக்குத் தெரியற அதே மங்கல் கிடைக்கும்.

ஆனா 1/60-ல பகல் வெளிச்சத்துல படம் வெளுத்துடும், அதுக்குத்தான் என்.டி. ஃபில்டர், லென்ஸ் மேல மாட்டி வெளிச்சத்தைக் குறைக்கற கருப்புக் கண்ணாடி. ஒரு பையன் தன்னோட முதல் சோலோவுக்கு (தனியா ஓட்டற முதல் பறப்பு) கடைக்காரர் பேச்சைக் கேட்டு என்.டி.8 வாங்கி மாட்டிட்டு ஷட்டரை ஆட்டோலயே விட்டுட்டான். என்.டி.8 எட்டுல ஒரு பங்கு வெளிச்சத்தைத்தான் விடும், 1/4000 இருந்தது 1/500 ஆச்சு, அவ்ளோதான், டேக்ஆஃப்லேருந்து லேண்டிங் வரை வளைஞ்ச பிளேடுதான். முதல் சோலோ வாழ்க்கைல ஒரு தடவைதாங்க! என்.டி.32 இல்ல 64 மாட்டுங்க, ஷட்டரை 1/60-ல லாக் பண்ணுங்க, ஃபோன்னா அதுக்கு மேனுவல் வீடியோ ஆப் போட்டுக்கோங்க.

வேரியபிள் என்.டி.

திருப்பித் திருப்பி கருமையை மாத்திக்கற ஃபில்டர் இது, உள்ள ரெண்டு போலரைஸர் (ஒரு திசையில அதிர்ற வெளிச்சத்தை மட்டும் விடற கண்ணாடி). விண்ட்ஷீல்டு அக்ரிலிக்ல வானவில் திட்டு திட்டா தெரியும், காக்பிட்ல இருக்கற ஜி1000 டிஸ்ப்ளே ஸ்க்ரீன் சில கோணத்துல கருப்பாயிடும். ஒரே அளவு இருக்கற சாதா என்.டி.யே வாங்குங்க.

ஸ்லோமோஷன்

செகண்டுக்கு 120 ஃப்ரேம்னா ஷட்டர் 1/120-ஐ விட மெதுவா போகாது, அந்த 1/60 கிடைக்காது. வேண்டாம்.

எடிட்ல பாத்துக்கலாம்

முடியாது.

ஆர்.பி.எம். மாத்தச் சொல்லி பைலட்டைக் கேக்கறது

கேக்கவே கேக்காதீங்க.

ஸ்டெபிலைசேஷன்

1/60-ல எலக்ட்ரானிக் ஸ்டெபிலைசேஷன் ஆன்ல இருந்தா, ஆட்டத்தை நிறுத்திடும், ஆனா ஃப்ரேமுக்குள்ள பதிஞ்ச கலங்கல் அப்படியே நிக்கும், படம் துடிக்கற மாதிரி இருக்கும். ஆஃப் பண்ணிட்டு மவுன்ட்டை அசையாம இறுக்குங்க, கூடவே ஒரு சேஃப்டி கயிறும் கட்டுங்க.