போண்டா சட்டி தீப்பிடித்தால் தண்ணீர் வேண்டாம்

கிருஷ்ணகிரி, தருமபுரி நெடுஞ்சாலையோரம் டீக்கடை வைத்திருப்பவர்கள் கவனிக்க. எண்ணெய்ச் சட்டி தீப்பிடித்தால் அடுப்பை அணையுங்கள், சட்டியை நகர்த்தாதீர்கள். உலோக மூடியைப் பக்கவாட்டிலிருந்து தள்ளி மூடினால் காற்றில்லாமல் தீ அடங்கும். அரைமணி நேரமாவது திறக்கக் கூடாது. சூடான எண்ணெய் காற்றுப் பட்டதும் மறுபடி பற்றிக்கொள்ளும்.

தண்ணீர் ஏன் ஆகாது? எண்ணெயோடு அது கலக்காது. கனம் அதிகம் என்பதால் அடியில் இறங்கி, நொடியில் ஆவியாகி, ஏறக்குறைய 1,700 மடங்கு விரியும். எரியும் எண்ணெய் துளித்துளியாகக் கூரைவரை சிதறும். துளியும் காற்றும் கலந்துவிட்டால் தீப்பந்துதான்.

கையருகில் கிடக்கிறதே என்று கடலைமாவையும் தூவாதீர்கள், பறக்கும் மாவும் எரியும். சமையல் சோடா சின்னத் தீக்கு மட்டும் உதவும்.