தோட்டத்து வீட்டில் மறதி நோய்: கைப்பேசியில் செய்துவைக்க வேண்டியவை

கோபி, தாராபுரம் பக்கத்துத் தோட்டத்து வீடுகளில் கூப்பிடு தூரத்தில் ஆள் இருக்காது. மகன் திருப்பூரில் வேலை, பேரன் பெங்களூரில். மறதி நோய் வந்த மாமனாரைப் பகல் முழுக்கப் பார்த்துக்கொள்வது பெரும்பாலும் மருமகள் ஒருவர்தான். அவருக்காகவே இதை எழுதுகிறேன்.

முதல் படி: இருப்பிடப் பகிர்வு

இதை இன்றே செய்யுங்கள். திறந்த கிணறும் வாய்க்காலும் உள்ள ஊர் நம்முடையது. "பழகின காட்டுக்குத்தானே போகிறார்" என்று விட்டுவிடாதீர்கள். பழகின வழியும் மறந்துபோகும்.

பெரியவரின் ஸ்மார்ட்போனில் கூகுள் மேப்ஸைத் திறந்து, மேல் மூலையில் உள்ள வட்டப் படத்தைத் தொடுங்கள். இருப்பிடப் பகிர்வுக்குள் போனால் எவ்வளவு நேரம் என்று கேட்கும். 'நிறுத்தும் வரை' என்பதைத் தேர்ந்தெடுத்து, உங்களையும் கணவரையும் சேருங்கள். வாட்ஸ்அப்பிலும் இந்த வசதி உண்டு. ஆனால் 8 மணி நேரத்துக்கு மேல் ஓடாது.

போன் அவரோடு இருந்தால்தான் பயன். வேட்டிக்குள் போடும் டவுசர் பையில் வைத்துப் பழக்குங்கள். அதே பையில் உங்கள் எண் எழுதிய சீட்டும் இருக்கட்டும். அவருக்குப் புரிகிற காலத்திலேயே சொல்லிச் சம்மதம் வாங்கிவிடுங்கள். தெரியாமல் வேவு பார்ப்பதில் எனக்கு உடன்பாடில்லை.

இரண்டாம் படி: வீடியோ

பொழுது சாயும் நேரத்தில் பலருக்குப் பதற்றம் கூடும். சொந்தத் திண்ணையில் உட்கார்ந்துகொண்டே "வீட்டுக்குப் போகலாம்" என்பார்கள். அதே மனிதர் டாக்டர் முன்னால் தெளிவாகப் பேசிவிடுவார்! ஒரு நிமிடம் படம் பிடித்து வையுங்கள். டாக்டருக்கு மட்டும் காட்டுங்கள். ஓரிரு நாளில் திடீரென்று குழப்பம் கூடினால், நோய் முற்றிவிட்டது என்று இருந்துவிடாதீர்கள். சிறுநீர்த் தொற்றாகவும் இருக்கலாம். உடனே நேரில் காட்டுங்கள்.

மூன்றாம் படி: இரண்டு எண்கள்

14416, டெலி மானஸ்: 2022 முதல் இயங்கும் அரசு மனநல உதவி எண். இலவசம், 24 மணி நேரம், தமிழிலேயே பேசலாம். தூக்கம் கெட்டு அழுகை வரும் இரவில் நீங்கள் உங்களுக்காகவே அழைக்கலாம். 14567, முதியோர் உதவி எண்: காலை 8 முதல் இரவு 8 வரை.

நான்காம் படி: ஐசப்போர்ட்

மறதி நோயாளிகளைப் பார்த்துக்கொள்பவர்களுக்காக உலக சுகாதார நிறுவனம் தயாரித்த இணையப் பயிற்சி (iSupport). 5 பகுதிகள், 23 பாடங்கள். ஆங்கிலத்தில் திறந்தால் குரோமின் மூன்று புள்ளியைத் தொட்டு மொழிபெயர்ப்பில் தமிழைத் தேர்ந்தெடுங்கள். கோபம், சந்தேகம், அலைச்சல் பற்றிய ஐந்தாம் பகுதியிலிருந்தே தொடங்கலாம். பார்த்துக்கொள்பவரின் உடல், மனநலம் பற்றிய மூன்றாம் பகுதியை உங்கள் கணவருக்கும் நாத்தனாருக்கும் அனுப்புங்கள். வாரத்தில் எந்த நாள் யார் வந்து பார்ப்பது என்பதைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் அவர்களையே எழுதச் சொல்லுங்கள்.