தடுப்பூசிக் காலத்தில் குழந்தையின் குடலைப் பேணுதல்

பிறந்த முதற் கிழமைகளில் அன்டிபயோட்டிக் நேரடியாகக் கொடுக்கப்பட்ட குழந்தைகளின் குடலில் பிஃபிடோபாக்டீரியா எனும் நன்மை செய்யும் பக்டீரியா குறைந்திருந்ததையும், நியூமோனியா போன்ற நோய்களைத் தரும் கிருமிக்கு எதிரான நியூமோகொக்கல் தடுப்பூசியால் அவர்களிடம் உருவான பிறபொருளெதிரிகள் (கிருமியை எதிர்க்கும் புரதங்கள்) 7 மாதத்தில் குறைவாக இருந்ததையும் 2025இல் வெளியான அவுஸ்திரேலிய ஆய்வொன்று காட்டியது. தாய்ப்பாலில் இயல்பாக உள்ள, குழந்தைக்குச் சமிக்காத வெல்லங்களே (சீனி வகைகளே) அந்த பக்டீரியாவுக்கு உணவாகும் என்பதால், மாமியார் பரிந்துரைத்தாலும் தேனோ கற்கண்டுத் தண்ணீரோ தொட்டு வைக்காமல், முதல் 6 மாதங்கள் தாய்ப்பால் மட்டும் கொடுங்கள். சாதாரணத் தடிமனுக்கு, மூத்த பிள்ளைக்கு வாங்கி மிஞ்சிய அன்டிபயோட்டிக் பாணியைப் பருக்காதீர்கள்; வைத்தியர் எழுதித் தந்தால், சிசுவின் கிருமித்தொற்று உயிராபத்தானது என்பதால், தயங்காமல் முழுமையாகக் கொடுங்கள். களுவாஞ்சிக்குடியிலோ அக்கரைப்பற்றிலோ 2, 4, 6 மாதக் கிளினிக்குக்குச் செல்லும்போது மருந்தின் பெயரைக் குடும்பநல மாதுவிடம் கூறுங்கள்; ஊசியை நீங்களாகப் பிற்போட வேண்டாம்.